மறைக்குது, உட்காருங்க!

சென்னையில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் வாசகி ஒருவர் தம் வீட்டுச் சாமந்திச் செடிகளைப் படம் எடுத்து அனுப்பி, கூடவே நீண்ட கடிதமும் எழுதியிருக்கிறார். நர்சரியில் வாங்கும்போது ஒரு சாண் உயரத்தில் குண்டுகுண்டாக இருந்த செடிகள். பூ ஓய்ந்ததும் வெட்டிவிட்டிருக்கிறார். மறுபடி தழைத்தவை இப்போது இடுப்பளவு வளர்ந்து தள்ளாடுகின்றன. தண்டு பென்சில் பருமன்கூட இல்லை. இலைக்கும் இலைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. ஒரு தொட்டி கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில். இன்னொன்று யாரும் அதிகம் புழங்காத பின்னறையின் ஜன்னலோரம். பின்னறைச் செடியில் மட்டும் மிளகளவு மொட்டுகள் கட்டியிருக்கின்றன. “கடலைப் புண்ணாக்கு ஊறல், பத்தொன்பது-பத்தொன்பது உரம், வாழைப்பழத் தோல், டீத்தூள், எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் என்ன சத்து குறைகிறது?” என்று கேட்டிருக்கிறார். பின்குறிப்பில் இன்னொரு கேள்வியும் உண்டு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

சத்து குறையவில்லை அம்மா, கூடிப்போயிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடு இலைகளின் விளிம்பு காய்ந்து, காப்பித்தூள் நிறத்தில் சுருண்டிருக்கிறது. தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது உரத்தின் உப்பு. ஒரு வாரம் எந்த ஊறலும் வேண்டாம். தொட்டியின் அடித்துளை வழியாகத் தாராளமாக வழியும்படி ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். அதற்குப் பிறகு, தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். ஊசிமுனையளவு புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் சிலந்திப்பேன். காற்றோட்டமில்லாத அறைகளில் அது குடும்பத்தோடு வந்துவிடும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

இவையெல்லாம் சில்லறை வைத்தியம். செடி நெட்டையானதற்குக் காரணம் வேறு.

செடிக்கு வெளிச்சம் உணவு என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். வெளிச்சம் அதற்குச் செய்தியும்கூட என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சூரிய ஒளியில் சிவப்பும் உண்டு, அதைத் தாண்டி நம் கண்ணுக்கு ஏறக்குறைய எட்டாத தொலைசிவப்பும் உண்டு. திறந்த வெளியில் இரண்டும் கிட்டத்தட்ட சம அளவு. பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். தொலைசிவப்பைத் தன் ஊடே கடக்க விட்டுவிடும் அல்லது திருப்பி அனுப்பிவிடும். அதனால் இன்னோர் இலையின் நிழலில் விழும் ஒளியில் தொலைசிவப்பே மிஞ்சி நிற்கும். செடியின் இலைகளிலும் தண்டிலும் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகிதத்தை இடைவிடாமல் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது. விகிதம் இறங்கினால், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று பொருள். உடனே ஆக்சின் சுரக்கிறது, தண்டின் செல்கள் நீள்கின்றன, கிளை விடும் வேலை நிற்கிறது. அர்ஜென்டினாவின் கார்லோஸ் பல்லாரேயும் கூட்டாளிகளும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பக்கத்துச் செடியின் நிழல் இன்னும் மேலே விழவே இல்லை, அதன் இலையில் பட்டுத் திரும்பும் தொலைசிவப்பை மட்டும் கண்டே செடி முன்கூட்டி நீளத் தொடங்கிவிடுகிறது.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் என்றால் மணல்தான். விளக்கு அணைவதற்குள் முன்னால் இருப்பவர் மணலைக் கூட்டிக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுவார். இடைவேளைக்குள் கொட்டகை முழுக்க மேடுகள். எல்லோரும் உயர்ந்திருப்பார்கள், யாருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரியாது. “மறைக்குது, உட்காருங்க!” என்று பின்னாலிருந்து வரும் குரலுக்கு யாரும் உட்கார மாட்டார்கள். நெருக்கி நட்ட வயலில் செடிகள் செய்வது இதைத்தான்.

கூடத்துச் சாமந்திக்கு முன்னால் யாருமே இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் தொலைசிவப்பு மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் செடிக்குச் சந்தேகம் வர வேறு வழிகளும் உண்டு. வெளிச்சம் மொத்தத்தில் மங்கினால், அதிலும் நீல ஒளி குறைந்தால், எங்கோ அடியில் மாட்டிக்கொண்டோம் என்று எடுத்துக்கொண்டு நீளும். மஞ்சள் சாயல் கொண்ட விளக்குகளில் நீலம் இன்னும் குறைவு. நிழலில் கிடக்கும் அடியிலைகளைச் செடியே பிரித்து, அவற்றின் நைட்ரஜனை உச்சிக்கு அனுப்பிவிடும். உங்கள் அடியிலை மஞ்சளில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். அதைப் பார்த்துவிட்டு உரம் போடுவது வழக்கம். உரத்தில் நைட்ரஜன் கூடினால் தண்டு இன்னும் நீர்கோத்து இளைக்கும்.

“எங்கள் கூடம் நல்ல வெளிச்சமாயிற்றே” என்றும் எழுதியிருக்கிறார். நம் கண்ணை நம்பி இதைச் சொல்லவே கூடாது. உச்சி வெயிலில் வெட்டவெளியில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். இரவில் விளக்கெரியும் கூடத்தில் நூறிலிருந்து முந்நூறுக்குள். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம், கண் அதைச் சமாளித்துப் புத்தகமும் படித்துவிடுகிறது. செடியின் இலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஜன்னல் ஓரத்திலிருந்து அறைக்குள் நாலடி நடந்து பாருங்கள். அளவு துல்லியமாக இருக்காது, ஆனாலும் எண் சரியும் வேகம் புரியும்.

ஏ.சி.யும் இதில் பங்காளி. பகலில் வீடு பூட்டிக் கிடந்து புழுங்குகிறது, இரவு முழுக்கக் கூடத்தில் ஏ.சி. ஓடுகிறது என்கிறார். இரவைவிடப் பகலின் வெப்பம் கூடக் கூடத் தண்டு நீளும் என்பதை 1980-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் தெளிவாகக் காட்டினார்கள். பல பசுமைக்குடில்களில் விடிகாலையில் ஓரிரு மணி நேரம் குளிரவிட்டே செடியைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் நாம் செய்வது நேர் எதிர்.

இனி மொட்டு விஷயம். கூடத்துச் செடி மொட்டே வைக்காததற்கும் பின்னறைச் செடி வைத்ததற்கும் காரணம் ஒன்றே: பின்னறையில் இரவு இரவாக இருக்கிறது. சாமந்தி நீண்ட இரவில்தான் பூக்கத் துணியும் செடி. கூடத்தில் நள்ளிரவு வரை டி.வி.யும் விளக்கும். பூப்பதை நிறுத்திவைக்க அந்த நூறு லக்ஸ் போதும். ஓசூர், பெங்களூரு வட்டாரத்தில் சாமந்தித் தோட்டங்களில் இரவில் வரிசையாகக் குண்டு பல்புகள் எரிவது இதற்காகத்தான். நம் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். விட்டால் சாமந்தி சாண் உயரத்திலேயே பூத்துவிடும். தண்டு வேண்டிய உயரத்துக்கு வரும்வரை விளக்குப் போட்டு நிறுத்திவைத்து, சந்தைக்கு நாள் பார்த்து அணைக்கிறார்கள். ஜப்பானின் அய்ச்சி மாநிலத்திலும் பல ஆண்டுகளாக இதே வித்தை. பழைய சம்பா ரகங்கள் பலவும் இந்தக் குணம் கொண்டவைதான். முன்பின்னாக விதைத்தாலும் பகல் குறுகும் காலம் பார்த்தே கதிர்விடும்.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர் ஜூலியன் தூர்னுவா என்ற பிரெஞ்சுக்காரர். அவர் கையில் இருந்தவை ஹாப் கொடியும், நாருக்காகப் பயிரிடும் கஞ்சா இனச் செடியும். பகல் வெளிச்சத்தைக் குறைத்தால் அவை சின்னஞ்சிறு நாற்றிலேயே பூக்கின்றன என்று 1912-லும் 1914-லும் எழுதினார். அதே 1914-இல் போர் மூண்டது, களத்தில் மாண்டார். அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் புகையிலையை மாலை நாலு மணிக்கு இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே இழுத்து, 1920-இல் முழு விதியையும் எழுதினார்கள். பிறகு 1938-இல் ஹாம்னரும் பான்னரும் நம் ஊர்க் களைகளில் ஒன்றான மருளூமத்தையை வைத்து, செடி அளப்பது பகலை அல்ல, இரவின் நீளத்தை என்று நிறுவினார்கள். நீண்ட இரவின் நடுவே ஒரே ஒரு நிமிடம் விளக்குப் போட்டால் போதும், அந்த இரவு கணக்கில் சேராது.

தூர்னுவாவின் செடிக்கு இன்று வேறு வாழ்வு. கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடிகள் வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. நிலவறையில் விளக்குக்கு அடியில் பதினெட்டு மணி நேர வெளிச்சத்தில் வளர்த்து, பூக்கவைப்பதற்காகப் பன்னிரண்டாகக் குறைப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் செடி பல சமயம் இரு மடங்கு உயர்ந்து விளக்கில் முட்டும், அடியிலை வெளுக்கும், வளர்த்தவர் பதறி உரப்புட்டியைத் திறப்பார். நம் நாட்டில் அது குற்றம். நான் சொல்லவந்தது, சாமந்திக்கும் அதற்கும் இந்தச் சங்கடம் பொது. பூவைத் தழைக்கு மேலே தூக்கிக் காட்ட, பூக்கும் தறுவாயில் செடி தன் கடைசிக் கணுக்களை நீட்டத்தான் செய்யும். பின்னறைச் செடியின் உச்சியில், மொட்டுக்குக் கீழே கழுத்து நீண்டிருப்பது அந்த வகை. அதை நோய் என்று எண்ண வேண்டாம். அதற்குக் கீழே இரண்டடிக்கு ஒல்லியாக ஓடும் தண்டுதான் நிழல் வேலை.

இந்தக் கடிதத்துக்கு நான் உற்சாகமாக உட்கார்ந்ததே இனி சொல்லப்போவதற்காக. செடியைத் தொட்டால் அது குட்டையாகும்.

பிராங்க் சாலிஸ்பரி என்ற தாவரவியலாளர் மருளூமத்தை இலைகளின் நீளத்தை நாள்தோறும் அளந்துவந்தபோது, அளந்த இலைகள் மட்டும் மஞ்சளாகிச் செத்ததை 1960-களில் குறித்துவைத்தார். மார்க் ஜாஃபி செடிகளின் தண்டை நாள்தோறும் சில விநாடிகள் விரலால் உருவிவிட்டு, அவை குட்டையாகவும் பருமனாகவும் வளர்வதைக் கண்டு 1973-இல் அதற்கு ஒரு பெயரே வைத்தார். உயரத்தைக் கூட்டும் ஜிப்பரெல்லின் போன்ற ஹார்மோன்கள் எந்த மரபணுக்களைத் தட்டி எழுப்புகின்றன என்று பார்க்க, ஜேனட் பிராமும் ரொனால்ட் டேவிஸும் ஒரு சின்னக் கடுகினச் செடியின்மேல் ஹார்மோனைத் தெளித்தார்கள். மரபணுக்கள் எழுந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் தெளித்த செடியிலும் எழுந்தன! ஹார்மோனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, துளி வந்து மோதியதுதான் காரணம். மழை, காற்று, விரல், எது பட்டாலும் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் அந்த மரபணுக்களின் செயல் நூறு மடங்கு வரை ஏறியது. தினமும் தொட்ட செடிகள் தொடாதவற்றின் தோளுக்கும் வரவில்லை. 1990-இல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் எனக்கு ஆச்சரியம். எத்தனை ஆய்வகங்களில் எத்தனை பேர் செடியைக் கையில் எடுத்து அளந்து, கிடைத்த எண்ணை மருந்தின் பலன் என்று எழுதியிருப்பார்கள்!

விவசாயிக்கு இது பழைய சேதி. ஜப்பானில் குளிர்காலத்துக் கோதுமை, பார்லி நாற்றுகளை வேண்டுமென்றே காலால் மிதித்துக்கொண்டே வயலை நடந்து முடிப்பார்கள். மிதிபட்ட நாற்று வேரூன்றித் தூர்கட்டும், பின்னால் சாயாது. சாமந்தியையே பசுமைக்குடிலில் நாள்தோறும் குலுக்கிப் பார்த்ததும் உண்டு. குலுக்கியது குட்டையாக நின்றது. வெளியில் நிற்கும் செடிக்கு இந்த உபகாரத்தைக் காற்று இலவசமாகச் செய்கிறது. நம் அடுக்ககங்களில் பால்கனிக்கும் கண்ணாடி போட்டு அடைத்து, அதையும் ஓர் அறையாக்கிவிட்டோம். அங்கே வளரும் செடி அசைவே அறியாதது. அசையாத தண்டு எதற்குப் பருக்கப்போகிறது? காலையில் தொட்டிப் பக்கம் போகும்போது உள்ளங்கையால் செடியின் தலையைப் பத்து இருபது முறை இப்படியும் அப்படியும் மெல்லத் தடவிவிட்டால் செலவில்லாத வைத்தியம். இலை ஈரமாக இருக்கும்போது வேண்டாம், நோய் பரவும். மொட்டு விரியத் தொடங்கியபின்னும் வேண்டாம்.

அப்படியானால் நர்சரியில் அந்தச் செடி எப்படிச் சாண் உயரத்தில் அழகாக இருந்தது? யாரும் தடவிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மாந்தோப்புக்காரர்களுக்குக் கல்டார் என்ற பெயரில் பழக்கமான பேக்லோபியூட்ரசாலும் டாமினோசைடு போன்றவையும் தொட்டிப் பூச்செடித் தொழிலில் சகஜம். அவை செடியின் உடம்பில் ஜிப்பரெல்லின் உண்டாவதையோ வேலை செய்வதையோ தடுத்து, கணுக்களைக் குறுக்கிவைக்கும். ஜிப்பரெல்லினே நெல்நாற்றை வெளிறவைத்து நெடுநெடுவென வளர்த்துச் சாய்க்கும் ஒரு பூஞ்சையிடமிருந்துதான் நமக்குத் தெரியவந்தது. குரோசாவா என்ற ஜப்பானியர் 1926-இல் அந்தப் பூஞ்சையை வளர்த்த நீரை மட்டும் நாற்றுக்குக் கொடுத்தே அதை நீளவைத்துக் காட்டினார். அதற்கு எதிர்மருந்தைத்தான் பூச்செடிக்கு ஊற்றுகிறோம். மருந்தின் பிடி தளர்ந்ததும் செடி தன் சுய உயரத்துக்குக் கிளம்பும். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்வார்.

மருந்து தொடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. குலுங்காமல் லாரியில் வந்து சேர அந்தக் குட்டை உடம்பு வேண்டும். ஆனால் தொட்டியில் ஒரு சீட்டுக் குத்தி, “இது மருந்து கொடுத்துக் குறுக்கிய செடி, வெட்டிவிட்டால் இரண்டடி வளரும், வெயில் வேண்டும்” என்று சொல்லலாம் அல்லவா? இப்போதைக்குப் பூ வாடியதும் குப்பையில் போடும் பண்டமாகவே சாமந்தி விற்கிறது. வெட்டி வளர்க்கத் துணிந்த வாசகியைப் போன்றவர்கள்தான் குழம்பிப்போகிறார்கள். அந்தக் குழப்பத்தில்தான் ‘பூ ஊக்கி’ என்று பெயரிட்ட புட்டிகள் விற்றுத் தீர்கின்றன. பாஸ்பரஸை அள்ளிக் கொட்டினால் பூ வந்துவிடாது. இரவைக் கொடுத்தால் வரும், அதற்கு விலை கிடையாது.

இரவைக் கொடுப்பதும் வரவர எளிதாக இல்லை. தெருவிளக்கின் கீழ் வரும் நெல்லும் சோயாவும் அந்த வட்டத்தில் மட்டும் பச்சையாகவே நின்று பிந்துவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். நாம் ஊர் எல்லையில், வயலை ஒட்டி உயரக் கம்பம் நட்டு, திறப்பு விழாவும் நடத்துகிறோம். விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு ஒளியைச் சாலைப் பக்கம் மட்டும் விழச் செய்தால் மின்சாரமும் மிச்சம், பயிருக்கும் நிம்மதி. கேட்பாரில்லை.

இனிப் பின்குறிப்பு. “நீண்ட தலையை மொட்டோடு கிள்ளிவிட்டால் குட்டையாகிவிடுமா?” என்று கேட்டிருந்தார்.

கூடத்துச் செடிக்கு மொட்டில்லை. அதைத் தாராளமாக வெட்டலாம். மண்ணிலிருந்து ஒரு கை உயரம் விட்டு, கீழே இரண்டு மூன்று பச்சை இலையாவது மிஞ்சும்படி வெட்டுங்கள். ஒரே உச்சி கிளம்புவதை விட்டுப் பக்கக் கிளைகள் வரும். அவை விரல் நீளம் வந்ததும் நுனிகளை இன்னொருமுறை கிள்ளுங்கள். கூடத்திலேயே வைத்திருந்தால் மறுபடி இதே கதை, ஆகையால் பால்கனிக்குக் கொண்டுபோய், கண்ணாடியைத் திறந்துவையுங்கள். முதல் வாரம் காலை வெயில் மட்டும். எடுத்த எடுப்பில் உச்சி வெயிலில் வைத்தால் நிழலில் பிறந்த இலைகள் பொசுங்கிவிடும்.

பின்னறைச் செடியைத் தொடாதீர்கள். நீண்ட தண்டு சுருங்கப்போவதில்லை. மொட்டைக் கிள்ளினால் பூவும் போய்விடும். ஒரு மூங்கில் குச்சி நட்டு, பருத்தி நூலால் எட்டுப் போட்டுத் தளரக் கட்டுங்கள். நாளெல்லாம் ஜன்னலோரத்திலேயே இருக்கட்டும், மாலை ஆறு மணிக்கு மேல் அந்த அறையில் விளக்கு வேண்டாம். ரகத்தைப் பொறுத்து இன்னும் சில வாரங்களில் விரியும். பூ ஓய்ந்தபின் தரையோடு ஒட்ட வெட்டினால் வேர்த்தூரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். அவற்றில் திடமானவற்றை வேரோடு பிரித்துப் புதுத் தொட்டியில் வைக்கலாம். டீத்தூளை வடிகட்டி டீ போட்டுக் குடிக்கலாம்.